சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு ஸ்மூத்தி: பாலோடு சேர்த்தா, பாலுக்குப் பதிலா?

என் மகளுக்கு மூன்றரை வயதில் வெள்ளையாக இருப்பது மட்டும்தான் சாப்பாடு. இட்லி, இடியாப்பம், தயிர்சாதம், பால். பொங்கலில் ஒரு கறிவேப்பிலை கண்ணில் பட்டால் போதும், அதை இரண்டு விரலால் கிள்ளி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பாள். அந்த வேளை அதோடு முடிந்தது. அடுத்த வாய்க்கு உதடு திறக்காது. சாம்பார் பட்ட சோறு வேண்டாம், பருப்பு வேண்டாம், காய் என்று பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கதை சொல்லி, காக்கா காட்டி, கடைசியில் செல்போனையும் காட்டி ஊட்டினால், வாங்கிய வாயை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் எல்லாருக்கும் இருந்த ஒரே ஆறுதல் பால். "சோறு திங்கலைன்னா என்னம்மா, பால்தான் குடிக்கிறாளே" என்பார் என் மாமியார். நானும் அப்படித்தான் நம்பினேன். நான்கு வயதை நெருங்கும்போது ஆள் வெளிறித் தெரிந்தாள். விளையாடப் போனால் சீக்கிரமே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் முதலில் கேட்டது, "ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் பால்?" விரல் விட்டு எண்ணினேன். காலையில் எழுந்ததும் ஒன்று, மதியச் சோறு இறங்காததால் ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கும்போது ஒன்று. நான்கு டம்ளர், ஒவ்வொன்றும் 200 மில்லி. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.1 வந்தது. அந்த வயதுப் பிள்ளைக்கு 11-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை.

அதனால்தான், பிள்ளைக்கு ஸ்மூத்தி அடித்துக் கொடுக்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் இந்தப் பால் கணக்கைக் கேட்கிறேன். நம் வீடுகளில் சாப்பிட மறுக்கும் பிள்ளைகளில் பல பேர் பட்டினியாக இருப்பதில்லை, வயிறு நிறையப் பாலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வயிற்றில் இன்னொரு டம்ளரையும் ஊற்றினால், இறங்கிக்கொண்டிருக்கும் இரண்டு வாய்ச் சோறும் நின்றுவிடும். ஸ்மூத்தி நன்றாகவே உதவும். ஆனால் அது பால் டம்ளர் இருந்த இடத்துக்கு வர வேண்டும்.

கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 1,100 கலோரி. 800 மில்லி பால், அதில் ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு ஸ்பூன் சர்க்கரை என்றால் 550 கலோரிக்குக் குறையாது. நாளின் பாதிப் பசி பாலிலேயே தீர்ந்துவிடுகிறது. கால்சியமும் புரதமும் அதில் தாராளமாகக் கிடைக்கும், சரி. ஆனால் ஒரு லிட்டர் பாலில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அதே பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டிய இரும்பு 8 மி.கி.; நான்கு முதல் ஆறு வயதில் 11 மி.கி. போதாததற்கு, பாலின் கால்சியம் மற்ற உணவிலிருந்து இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கிறது. பால் மோசமான உணவு இல்லை. அளவு மீறினால் மற்றதற்கு இடம் விடாது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 400, அதிகம் போனால் 500 மில்லி என்பது பெரும்பாலான குழந்தை மருத்துவர்கள் சொல்லும் எல்லை. தயிரும் மோரும் அந்தக் கணக்கிலேயே சேரும்.

இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்திய அளவில் 67 சதவீதம், தமிழ்நாட்டில் 57 சதவீதம். முந்தைய கணக்கெடுப்பைவிட இரண்டு எண்களும் கூடியிருக்கின்றன. இதற்குப் பால் மட்டும் காரணமல்ல, வறுமை, குடற்புழு, தாயின் ரத்தசோகை என்று பல உண்டு. ஆனால் வசதியான வீடுகளிலும் இந்த எண் இருப்பதற்கு, பாலும் பிஸ்கட்டுமாக வளர்ப்பது ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம், பிள்ளைகள் ஏன் இப்படி அடம் பிடிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் நமக்கே பாதிப் பதற்றம் போய்விடும். பிறக்கும்போது மூன்று கிலோ இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஒன்பது கிலோவைத் தொடுகிறது. மூன்று மடங்கு. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளர்ச்சி வேகம் குறைகிறது, பசியும் அதற்கேற்பக் குறைகிறது. "ஒரு வயசுல நல்லா சாப்பிட்டான், இப்பதான் எதையும் தொட மாட்டேங்கிறான்" என்று நாம் புலம்புவது பெரும்பாலும் இந்த இயல்பான மாற்றத்தைத்தான். அதே சமயத்தில், இரண்டு வயது முதல் ஆறு வயது வரை, புதிய உணவைக் கண்டு பயப்படும் குணமும் உச்சத்தில் இருக்கிறது. நடக்கப் பழகிய பிள்ளை கண்டதையும் வாயில் போட்டு விஷமாகிவிடாமல் இருக்க இயற்கை வைத்த காவல் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கசப்பும் பச்சை நிறமும் அதில் முதலில் மாட்டிக்கொள்கின்றன. பாகற்காயை மட்டுமல்ல, முருங்கைக்கீரையையும் பிள்ளை துப்புவது இதனால்தான்.

அமெரிக்க உளவியலாளர் லியான் பிர்ச் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில் தெரிந்தது, ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ளப் பிள்ளைக்கு எட்டு, பத்து தடவை, சில சமயம் பதினைந்து தடவைகூடச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது. நாம் மூன்றாவது தடவையிலேயே "இவளுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். இன்னொன்று, கட்டாயப்படுத்தி ஊட்டிய உணவின் மேல் பிள்ளைக்கு வெறுப்புதான் கூடுகிறது. ஆக, ஒரு பக்கம் பிள்ளைக்குப் பல மாதப் பொறுமை தேவை. மறுபக்கம் அந்த மாதங்களிலும் உடம்புக்குப் புரதமும் இரும்பும் போய்ச் சேர வேண்டும். ஸ்மூத்திக்கு வேலை இருப்பது இங்கேதான். தட்டில் பழகும் வேலை மெதுவாக நடக்கட்டும், அதுவரை சத்தின் ஒரு பகுதியை டம்ளர் சுமக்கட்டும்.

ஸ்மூத்தி என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஜூஸ் கடையில் சர்க்கரைப் பாகும் ஐஸ்கிரீமும் போட்டு அடித்துத் தருவது மில்க் ஷேக். வடிகட்டி, சக்கையை எறிந்துவிட்டுத் தருவது ஜூஸ். முழுப் பழத்தை நாரோடு அரைத்து, அதில் பருப்போ விதையோ தயிரோ சேர்த்துக் கெட்டியாக எடுப்பதுதான் ஸ்மூத்தி. நார் இருப்பதால் ஜூஸைவிட மேல். ஆனாலும் மிக்ஸி பழத்தின் செல்களை உடைத்துவிடுவதால் அதன் சர்க்கரை வெளியே வந்துவிடுகிறது. மென்று தின்ன பத்து நிமிஷம் எடுக்கும் பழம் அரை நிமிஷத்தில் தொண்டைக்குள் போய்விடுகிறது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்., பழச்சாறு, ஸ்மூத்தி இரண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. என் வீட்டு அளவும் அதுதான். காபி டம்ளரில் ஒன்று, நாளுக்கு ஒரு தடவை. வாழைப்பழம் போட்ட பிறகு சர்க்கரையோ தேனோ தேவையே இல்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம், அந்த வயதுக் குடலால் அதைத் தடுக்க முடியாது.

சரி, டம்ளருக்குள் என்ன போடுவது? பழத்தை விடப் பழத்தோடு சேர்க்கும் பொருளில்தான் சத்து இருக்கிறது. பழம் சுவைக்கு, பருப்பும் விதையும் சத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதாமும் அக்ரூட்டும் ஊறவைத்துப் போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. நம் மளிகை டப்பாவில் இருக்கும் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் எள்ளும் அவற்றுக்குச் சளைத்தவை இல்லை. வேர்க்கடலையிலும் பொட்டுக்கடலையிலும் 100 கிராமுக்கு 22, 23 கிராம் புரதம் இருக்கிறது. கறுப்பு எள்ளில் கால்சியம் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும்.

நான் அடிக்கடி செய்வது இது. தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை ஒரு மேஜைக்கரண்டி, பொட்டுக்கடலை ஒரு மேஜைக்கரண்டி, வறுத்த கறுப்பு எள் ஒரு சின்ன ஸ்பூன், இது மூன்றையும் மிக்ஸியின் சின்ன ஜாரில் முதலில் ஈரமில்லாமல் அரைக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டு எல்லாவற்றையும் பாலோடு சேர்த்து ஓடவிட்டால் திப்பி திப்பியாக நாக்கில் இடறும். இந்தப் பிள்ளைகளுக்கு நாக்கில் ஒரு துணுக்கு தட்டினால் போதும், டம்ளரைத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் கொட்டை நீக்கி ஊறவைத்த பேரீச்சை ஒன்று, சின்னப் பூவன் பழம் ஒன்று, காய்ச்சி ஆறிய பால் 100 மில்லி சேர்த்து இன்னொரு ஓட்டம். அவ்வளவுதான். புரதம் எட்டு கிராமுக்கு மேல் வரும். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுக்க வேண்டியது 16 கிராம். பாதிப் புரதம் ஒரு சின்ன டம்ளரில் போய்விடுகிறது. 200 கலோரிக்குச் சற்று மேல் இருக்கும்.

ஆனால் இரும்பைக் கூட்டிப் பாருங்கள். கடலை, எள், பேரீச்சை எல்லாம் சேர்த்து ஒன்றரை மில்லிகிராம் தேறினால் அதிகம். தேவை 11. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "ரத்தம் ஊறும்" என்று சொல்லி பீட்ரூட்டும் பேரீச்சையும் அடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதன் சிவப்பு வேறு, ரத்தத்தின் சிவப்பு வேறு. பீட்ரூட் நல்ல காய், பிள்ளைக்கு அந்த நிறம் பிடித்தால் ஒரு துண்டு போடுங்கள், ஆனால் ரத்தசோகைக்கு மருந்தாக நினைத்துப் போட வேண்டாம்.

இரும்புக்கென்று தனியாக ஒரு டம்ளர் செய்வதானால் அதில் பால் சேர்க்கக் கூடாது. கூடவே வைட்டமின் சி இருக்க வேண்டும். தாவர உணவில் இருக்கும் இரும்பை உடல் பிடித்துக்கொள்ள அதுதான் கைகொடுக்கிறது. நம் ஊரில் அதற்குக் கொய்யாவைப் போல மலிவான பழம் இல்லை. 100 கிராமில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி. கால்பங்குக் கொய்யாவே பிள்ளையின் ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடும். கொய்யாவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, அதன் விதைக்காக மட்டும் ஒருமுறை வடிகட்டி, அதில் பொட்டுக்கடலை மாவும் இரண்டு பேரீச்சையும் வேகவைத்த முருங்கைக்கீரை ஒரு ஸ்பூனும் சேர்த்து அடித்தால் ஒன்று. மாம்பழக் காலத்தில் கொய்யாவுக்குப் பதில் மாம்பழம், மேலே அரை எலுமிச்சை. இந்த டம்ளருக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் பால் வேண்டாம். டீயும் வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு டீயா என்று கேட்காதீர்கள், தாத்தா டம்ளரிலிருந்து இரண்டு மடக்கு டீ எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. டீயின் டானின் இரும்பை அப்படியே பிடித்து வெளியே அனுப்பிவிடும்.

அசைவம் சாப்பிடும் வீடுகளில், ஸ்மூத்தியைத் தாண்டி ஒரு வழி இருக்கிறது. கறிக்கடையில் சுவரொட்டி கேட்டு வாங்கி வந்து பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் நம் பாட்டிகளுடையது. ஆட்டு மண்ணீரலும் ஈரலும் தரும் இரும்பு, கீரையின் இரும்பைவிடப் பல மடங்கு எளிதாக உடலில் சேரும். மிளகு போட்டு வதக்கி, பொடியாக நறுக்கிச் சோற்றில் பிசைந்தால் இறங்கிவிடுகிறது. அதை மிக்ஸியில் போட வேண்டியதில்லை.

ராகியைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். 100 கிராமில் 350 மி.கி. அளவுக்குக் கால்சியம் இருக்கும் தானியம் வேறு இல்லை; பால் குறைக்கும் வீட்டில் அதை ஈடுகட்ட ராகிதான் சரி. பச்சை மாவை அப்படியே போட்டு அடிக்காதீர்கள், வயிறு உப்பும். இரண்டு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கட்டி இல்லாமல் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவிட்டு, அந்தக் கஞ்சியோடு பழத்தை அடிக்க வேண்டும். முளைகட்டிய ராகி மாவு இன்னும் நல்லது. முளைக்கும்போது, சத்தைக் கட்டிப்போடும் ஃபைட்டேட் என்ற பொருள் தானியத்தில் குறைகிறது, சத்து உடலில் சேர்வது கூடுகிறது. அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கி வந்து டப்பாவில் போட்டு மறந்துவிடும் வீடுகள் உண்டு. அதையும் இதே மாதிரி பழத்தோடு சேர்க்கலாம். வெல்லம் சேர்த்த மாவாக இருந்தால் பேரீச்சையை விட்டுவிடுங்கள்.

சில பழங்கள் பாலோடு ஒத்துப்போகாது. பப்பாளியும் அன்னாசியும் பாலில் அடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசக்கும். அவற்றில் இருக்கும் நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைப்பதால் வரும் கசப்பு அது. பழம் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுகிறோம். தண்ணீரிலோ இளநீரிலோ அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. வாழைப்பழம் சேர்த்ததும் கறுக்கத் தொடங்கும், அடித்த கையோடு கொடுப்பதுதான் வழி. பச்சை நிறத்தைக் கண்டால் ஓடும் பிள்ளைக்குச் சப்போட்டா பெரிய உதவி. அதன் காவி நிறத்தில் ஒரு ஸ்பூன் கீரை போனாலும் தெரியாது, கசப்பும் அடங்கிவிடும். வேகவைத்த பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மாம்பழம் போலவே நிறம் தரும். வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டின் அதில் நிறைய, கடலையின் எண்ணெயோடு சேர்ந்தால் நன்றாக உடலில் சேரும். பச்சை முட்டையை உடைத்து ஊற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். சால்மோனெல்லா கிருமி ஒரு பயம். முட்டையின் புரதமும் வெந்தால்தான் நன்றாகச் செரிக்கும்.

"வாழைப்பழம் சளி பிடிக்கும்" என்ற சொல் ஒவ்வொரு வீட்டிலும் எழும். சளிக்குக் காரணம் வைரஸ், பழமில்லை. ஆனாலும் பெரியவர்களோடு சண்டை போட்டு ஸ்மூத்தி கொடுக்க வேண்டிய அவசியமில்லை. ஐஸ் போடாமல், சாயங்காலம் நான்கு மணிக்குள், ஒரு சிட்டிகை ஏலக்காயோ சுக்கோ சேர்த்துக் கொடுங்கள். என் மாமியார் அப்படித்தான் சம்மதித்தார். இப்போது பொட்டுக்கடலை வறுத்துப் பொடி பண்ணி வைப்பதே அவர்தான்.

கடையில் விற்கும் மால்ட் பவுடரை ஸ்மூத்தியில் கலக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். அவற்றில் பலவற்றில் சர்க்கரைதான் பெரும்பங்கு; டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று அச்சடித்திருப்பதைப் படித்தாலே போதும். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது என்பதுதான் காரணம்.

கீரையை மறைத்துக் கொடுப்பது சரியா? இதில் எனக்கு இரண்டு மனது இருந்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2011-இல் வந்த ஓர் ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் வழக்கமான உணவில் காய்களை மசித்துக் கலந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் வித்தியாசம் பார்க்காமல் சாப்பிட்டார்கள், ஒரு நாளில் அவர்கள் உண்ட காயின் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. தட்டில் தனியாக வைத்த காயையும் அவர்கள் குறைத்துக்கொள்ளவில்லை. ஆக, சத்து சேர்ப்பதற்கு இது வேலை செய்கிறது. ஆனால் பிள்ளை முருங்கைக்கீரையைத் தெரியாமல் நூறு தடவை குடித்தாலும் முருங்கைக்கீரை அதற்குப் பழகாது. பழகுவதற்குக் கண் பார்க்க வேண்டும், கை தொட வேண்டும். ஏமாற்றியது தெரிந்துவிட்டால் அப்புறம் அந்த டம்ளரையே நம்பாது. ஒரு நாள் என் மகள் வடிகட்டியில் பச்சையைப் பார்த்துவிட்டு மூன்று வாரம் ஸ்மூத்தியைத் தொடவில்லை. எனக்கு அது பாடமாக அமைந்தது.

பிறகு வேறு மாதிரி செய்தேன். மிக்ஸிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அவளை ஏற்றிவிட்டேன். எள்ளை அவள்தான் ஸ்பூனில் அள்ளிப் போட வேண்டும். பேரீச்சைக் கொட்டையைப் பிதுக்கி எடுப்பதும் அவள் வேலை. முருங்கை இணுக்கிலிருந்து இலை உருவுவதற்கு ஒருநாள் உட்கார்ந்தாள். "எத்தனை இலை போடலாம்?" என்று கேட்டேன். "மூணு" என்றாள். மூன்றே மூன்று இலையைக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிப் போட்டோம். மூன்று இலையில் சத்து எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டே சுவிட்சைத் திருப்பினாள், குடித்தாள். இரண்டு மாதத்தில் மூணு என்பது ஒரு கொத்தானது.

மெல்லுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்மூத்தியால் வரக்கூடிய பெரிய கெடுதல் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டனின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகுதான் கட்டியுள்ள உணவைத் தொடங்கிய குழந்தைகளுக்குப் பின்னால் சாப்பாட்டுச் சிக்கல் அதிகமிருந்தது தெரியவந்தது. எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து ஊட்டிப் பழக்கிய பிள்ளை மெல்லக் கற்றுக்கொள்ளாது. அதனால் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஸ்மூத்தி தேவையில்லை, கையால் மசித்தது போதும். பெரிய பிள்ளைக்கும் ஸ்மூத்தி ஒருவேளைச் சாப்பாட்டின் இடத்துக்கு வந்துவிடக் கூடாது. சாப்பாட்டுக்கும் அதற்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் இருக்கட்டும். பாட்டிலிலோ உறிஞ்சும் கப்பிலோ ஊற்றிக் கையில் கொடுத்துவிட வேண்டாம். மணிக்கணக்கில் உறிஞ்சினால் பல் சொத்தையாகும். டம்ளரில் குடித்து, வாய் கொப்பளித்துவிடுவதுதான் நல்லது.

சில பிள்ளைகளின் மறுப்பு இந்த இயல்பான அடத்தைத் தாண்டியது. எடை குறைகிறது அல்லது மாதக்கணக்கில் ஏறவில்லை, சாப்பிடும் உணவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதிலும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது, கட்டி பட்டாலே குமட்டுகிறது, விழுங்கும்போது புரையேறுகிறது என்றால் ஸ்மூத்தியில் நாட்களைக் கடத்தக் கூடாது. சாப்பிடுவதைத் தவிர்க்கும் கோளாறு என்று மருத்துவத்தில் தனியாகவே ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் உணவின் தொடுவுணர்வு பற்றிய சிரமம் மிகவும் அதிகம். அவர்களுக்கும் ஸ்மூத்தி உதவலாம். ஆனால் குழந்தை மருத்துவரும், உணவுப் பயிற்சி தரும் தெரபிஸ்டும் சேர்ந்து வழிகாட்ட வேண்டும். வேர்க்கடலை, எள், பால் மூன்றுமே சிலருக்கு ஒவ்வாமை தருபவை. முதல் தடவை ஒவ்வொன்றாக, சிறிதளவாகக் கொடுத்துப் பாருங்கள்.

ரத்தசோகை என்று பரிசோதனையில் வந்துவிட்டால் மருந்து மருந்துதான். இரும்புச்சத்து சிரப், குடற்புழு மாத்திரை இரண்டும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு முறை ஒரு மில்லி சிரப், அதில் 20 மி.கி. இரும்பு என்பது அரசுத் திட்டத்தின் அளவு. அது தடுப்புக்கான அளவு. ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் எடையைப் பார்த்து மருத்துவர் கூட்டித் தருவார். என் மகளுக்கு மூன்று மாதம் சிரப் கொடுத்தோம், கொய்யா டம்ளரோடு சேர்த்து. பாலை இரண்டு வாரத்தில் நான்கு டம்ளரிலிருந்து இரண்டாக இறக்கினோம். முதல் நான்கு நாள் ராத்திரி அழுதாள், எனக்கும் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் மதியம் பசியில் தானாகவே வந்து பருப்புச் சோற்றுக்குக் கை நீட்டினாள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 11.6.

குடிக்கும் சாப்பாடு நமக்குப் புதிதும் இல்லை. கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் குடித்து வளர்ந்த ஊர் இது. ஆனால் கூழை யாரும் வெறும் கூழாகக் குடித்ததில்லை. பக்கத்தில் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், மாங்காய்த் துண்டு, கருவாடு என்று கடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். நானும் இப்போது சாயங்கால டம்ளரோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் பத்துக் கொண்டைக்கடலைச் சுண்டல் எண்ணி வைக்கிறேன். தின்னச் சொல்வதில்லை, அங்கே இருக்கும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் பத்தும் அப்படியே திரும்பி வரும். அப்புறம் எட்டு, ஏழு. நேற்று கிண்ணத்தில் நான்கு மிச்சம் இருந்தது, தாளித்த கறிவேப்பிலை ஒன்றும் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள்.